எலுமிச்சம்பழ நிறம்

சிவகாசியில் நானும் அண்ணனும் சேர்ந்து அச்சகம் நடத்துகிறோம். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பதுதான் பிழைப்பு. மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக விழுந்தாலும் லோடு அப்படியே திரும்பி வந்துவிடும் என்பதால், நிறம் பார்க்கும் வேலையை அண்ணன் என்னிடம் விட்டிருக்கிறார். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. வீட்டில் யார் சேலை எடுத்து வந்தாலும் கேட்காமலே கருத்துச் சொல்லிவிடுவேன்.

என் மனைவிக்கு ஊர் மல்லாங்கிணறு. பெண் பார்க்கப் போன அன்று, அவள் காபித் தட்டோடு உள்ளே திரும்புவதற்குள், "எல்லாம் சரிதான், நிறம்தான் கொஞ்சம் மட்டு" என்றார் என் மதினி, அண்ணனின் மனைவி. மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் காதில் விழும்படி. கல்யாணத்துக்குப் பிறகும் மதினி இருக்கும் இடத்தில் என் மனைவி சுவரோரமாகவே நிற்பாள். போட்டோ எடுத்தால் கடைசி வரிசைக்குப் போய்விடுவாள். நான் கவனிக்காமல் இல்லை. பெண்கள் சமாசாரம் என்று விட்டுவிட்டேன்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. விருதுநகரில் பிரசவம் முடிந்து அவள் தாய்வீட்டுக்குப் போன மறுநாள், மதினியைக் காரில் கூட்டிக்கொண்டு மல்லாங்கிணறு போனேன். மதினி குழந்தையை மடியில் வாங்கி, டியூப்லைட்டுக்கு நேராக முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"அடி ஆத்தி, எலுமிச்சம்பழம் கணக்கால்ல இருக்கா. நம்ம வீட்டு நிறம் அப்படியே வந்திருக்கு தம்பி."

என் மனைவி சிரித்தாள். மதினிக்கு முன்னால் அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கட்டிலிலிருந்து எழுந்து வந்து, "நெஞ்சப் பாருங்கக்கா, அங்கனயும் இதே கலருதான்" என்று துணியை விலக்கிக் காட்டினாள்.

எனக்குத்தான் உறுத்தியது. டியூப்லைட் வெளிச்சத்தில் வைத்து எந்தத் தாளையும் நான் சரி என்று சொல்வதில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பகல் வெளிச்சத்தில் நெற்றியை விரலால் லேசாக அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடம் மஞ்சளாகவே நின்றது. நெஞ்சிலும் அப்படித்தான். கண்ணின் வெள்ளையும் மஞ்சளித்திருந்தது.

அங்கேயே நின்று உரக்கச் சொன்னேன். "இது நிறமில்ல. மஞ்சக்காமாலை."

"அதான பாத்தேன்" என்றார் மதினி. என் மனைவி குழந்தையின் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

காலை இளவெயிலில் காட்டினால் போய்விடும் என்றார் மாமியார். நான் கேட்கவில்லை. நேராக விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் காமாலையின் அளவு கூடியிருந்தது. கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே படுக்க வைத்தார்கள். முற்றவிட்டிருந்தால் மூளையைப் பாதித்திருக்கும், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். மதினியே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு என் கண்ணின் பெருமையைச் சொன்னார். எனக்கும் உள்ளூரக் குளிர்ந்துதான் போயிருந்தது. பால் கொடுக்க மட்டும் பிள்ளையை வெளியே எடுத்துத் தருவார்கள். மற்ற நேரமெல்லாம் என் மனைவி கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் அதிகம் பேசவில்லை. பயத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பயமும் இருந்திருக்கும்.

காமாலை இறங்கியதும் கண்கட்டை அவிழ்த்துக் குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். பிள்ளை தன் சொந்த நிறத்துக்கு வந்திருந்தாள். நல்ல கருப்பு. என் மனைவி அவளை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"என்னைய மாதிரியே வந்துட்டா, பாவம்."

"அளவு குறைஞ்சிருச்சுல்ல, அது போதும்" என்றேன் நான்.

உன்னை மாதிரி வந்ததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஊரார் சேலைக்கெல்லாம் கருத்துச் சொல்கிற வாய்க்கு அது வரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் எனக்கு வருத்தமில்லை. இன்றைக்கென்றாலும் ஓடுவேன். ஆனால் மதினி எதிரில் அப்படிப் போட்டு உடைத்திருக்க வேண்டாம். மனைவியை வாசலுக்குக் கூப்பிட்டு அவளிடம் மட்டும் சொல்லியிருந்தால், அந்த ஒரு சிரிப்பாவது அவளுக்கு மிஞ்சியிருக்கும்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தெருவில் மதினியின் கார் ஹாரன் கேட்டால் போதும், என் மனைவி அவளைப் பிடித்து நிறுத்தி முகத்துக்குப் பவுடர் போடுவாள். வேண்டாம் என்று நானும் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஹாரன் கேட்டபோது மனைவி கடைக்குப் போயிருந்தாள். மகளே பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தை நீட்டினாள்.

"சீக்கிரம் போடுங்கப்பா, பெரியம்மா வந்துட்டாக."

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் போட்டுவிட்டேன்.