சட்டியில் போன கைபேசி

பேட்டரியைப் பற்றி எழுதுவது ஒரு மேடைப் பேச்சாளிக்கு அழகா என்று என்னோடு விவாதம் பயின்றவர்கள் கேட்டார்கள். சமத்துவம், சுதந்திரம், தாய்மொழி என்று உயர்ந்த தலைப்புகளில் கோப்பை வாங்கியவள், உப்பிப்போன ஒரு பேட்டரிக்காகவா பேனா எடுப்பது? எடுப்பேன். நான் வென்ற விவாதம் எதுவும் எங்கள் வரிசை வீடுகளான லயத்தைத் தீயிலிருந்து காத்ததில்லை. என் வீட்டிலேயே பாதி தோற்ற விவாதம் ஒன்றுதான் காத்தது.

றக்வானைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழை ஒரு செய்தியன்று, வெயில்தான் செய்தி. அங்கே நனைந்த பொருள் எதுவாயினும் போய்ச் சேரும் இடம் ஒன்றே: அடுப்புக்கு மேலே விறகு காயும் பரண். பள்ளிக்கூடச் சப்பாத்து, குடை, அம்மா மலைக்கு இடுப்பில் கட்டிச் செல்லும் படங்குத் துணி, எல்லாம் அந்தப் புகையில்தான் காயும். ஒரு நாள் கொழுந்து பறிக்கையில் பெய்த மழையில், அம்மா இடுப்பில் செருகியிருந்த கைபேசியின் பொலித்தீன் உறை கிழிந்து, உள்ளே நீர் புகுந்துவிட்டது. எங்கள் லயத்தில் எவரும் செய்வதைத்தான் அம்மாவும் செய்தார். கைபேசியைச் சப்பாத்துகளுக்கு நடுவே பரணில் வைத்தார்.

மறுநாள் மாலை நான் விவாதப் பயிற்சி முடிந்து வந்தபோது அது கட்டிலில், தலையணைமேல், சார்ஜில் கிடந்தது. பின்மூடி ஒரு பக்கம் எழும்பி நின்றது. தொட்டேன்; சுட்டது. சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றினேன்.

"ஏன்டி கழட்டுன? இப்பதான் கொஞ்சமா ஏறுது."

"பேட்டரி வீங்கிப்போச்சும்மா. இதுக்கு மேல சார்ஜ் போட்டா தீப்புடிக்கும்."

பக்கத்துக் காம்பரா அறையில் இருக்கும் பெரியம்மா வாசலில் தலை நீட்டினார். "வீங்குனா என்னா? துணியச் சுத்தி ரப்பர் பேண்ட இறுக்கிப் போடு. தன்னால அமுங்கிரும்."

"அமுக்குனா உள்ளுக்குள்ள கிழிஞ்சு வெடிக்கும் பெரியம்மா."

"ஆத்தாடி, மைக்கு இல்லாமயே ஆரம்பிச்சிட்டா! கை தட்டுங்கடி!"

வாசலில் கூடியிருந்தவர்கள் தட்டினார்கள். கைதட்டலுக்கு மயங்குபவளும் அல்லேன், கேலிக்கு இறங்குபவளும் அல்லேன். தொடர்ந்தேன். ஈரம் புகுந்த கைபேசியை அந்தக் கணமே அணைத்துவிட வேண்டும் என்றேன். அடுப்புச் சூட்டில் வைப்பது நோயாளியை மறுபடி அடிப்பதற்குச் சமம் என்றேன். மெத்தையில் கிடத்திச் சார்ஜ் போட்டால் சூடு வெளியேற வழி ஏது என்று கேட்டேன். பஞ்சுத் தலையணை, மரக்கட்டில், அதற்கப்பால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக எல்லோருடைய காம்பராக்களும். பற்றினால் எங்கே நிற்கும்? கூட்டம் அடங்கியது. வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. "நீ சொல்றது எல்லாம் சரியாவே இருக்கட்டும். நாளைக்கு வெள்ளிக்கெழம. அக்கா பேசும். அது மொகத்த நான் எதுல பாக்குறது?"

அக்கா வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டுமே அவளுக்குப் பேச நேரம் கிடைக்கும். எங்கள் வீட்டில் இருப்பது அந்த ஒரே கைபேசி. பெரியம்மாவிடம் இருப்பதோ முகம் காட்டாத பழைய பொத்தான் போன். போன வெள்ளிக்கிழமை அக்கா பேச்சின் நடுவே அழுதுவிட்டு வைத்துவிட்டாள். ஏன் அழுதாள் என்று தெரியாமல் அம்மா அந்த வாரம் முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தப் பாதியை அம்மா வென்றார். ஆனால் சார்ஜரையும் நான் தரவில்லை.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போனோட வந்து நிப்பேன். வரலன்னா இனி நான் மேடையே ஏற மாட்டேன்" என்றேன்.

"பெரிய சபதம்தான்" என்றார் பெரியம்மா.

கைபேசியை அணைத்தேன். மீன் சட்டியில் மணல் நிரப்பி அதில் வைத்து, சட்டியை வெளியே சீமெந்துத் திண்டில், மழையும் எரியக்கூடிய எதுவும் அண்டாத இடத்தில் வைத்தேன். விடிந்ததும் பயிற்சிக்குப் போகாமல் சட்டியோடு பஸ் ஏறினேன்.

"நங்கி, சட்டியில மாலுவா?" என்று தங்கையை அழைப்பதுபோல் பாதி சிங்களத்தில் கேட்டார் கண்டக்டர், மீன் என்று எண்ணி.

"மீன் இல்லங்க. வீங்குன போன். ஜன்னலோரம் எடம் வேணும்."

பஸ்ஸே சிரித்தது. சிரித்தவர்கள் சிரித்தபடியே தள்ளியும் உட்கார்ந்தார்கள்.

பஜாரில் போன் திருத்தும் கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. "மகள், இது மட்டும் மெத்தையில இருந்திருந்தா..."

"இருந்துச்சு நானா."

அவர் உச்சுக்கொட்டிவிட்டு, மெல்லக் கழற்றிப் புதிய பேட்டரி பொருத்தினார். உள்ளே ஈரம் தங்கவில்லை என்று பார்த்த பிறகே போனை இயக்கினார்; திரை ஒளிர்ந்தது. பழையதைக் குப்பையில் போடக்கூடாது என்று தாமே வாங்கி வைத்துக்கொண்டார்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு நான் ஓடிச் சேர்ந்தபோது அம்மா கூடையோடு வரிசையில் நின்றிருந்தார். கைபேசியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். சற்று நேரத்தில் அது ஒலித்தது.

"ஏன் பாப்பா போன வாரம் அழுத?" அக்காவிடம் அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஒண்ணுமில்லம்மா. மேடம் பாத்தா போன பறிச்சிருவாங்கன்னு மெத்தைக்கு அடியில ஒளிச்சு வச்சுத்தான் சார்ஜ் போடுறேன். அன்னைக்குச் சூடாகி பெட்ஷீட்டு கருகிப்போச்சு. நல்லா ஏச்சு."

அம்மா கூடையை இறக்கி வைத்தார். முதுகை நிமிர்த்தினார். "மெத்தைக்கு அடியிலயா? சூடு எந்த வழியாடி வெளிய போகும்? பஞ்சு, துணி, கட்டிலு... பத்துனா எங்க போயி நிக்கும்?"

வரிக்கு வரி என் பேச்சு. வரிசையில் பின்னால் நின்ற பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒளிக்காத. அடுப்படி மேசையில, அடுப்புக்குத் தள்ளி, எல்லாரும் பாக்க வச்சுப் போடு. போன் வீங்கியிருக்கான்னும் பாரு."

"மேடம் ஏசுவாங்கம்மா."

"ஏசட்டும். எரியிறதுக்கு ஏச்சு மேல். எங்கம்மா சொல்லிச்சுன்னு சொல்லு!"

நிறுப்பவர் அம்மாவின் முறை வந்துவிட்டது என்று கூப்பிட்டார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இருங்க, பேசிக்கிட்டிருக்கேன்ல?"