மூன்று முறை அளக்க வேண்டிய தரை

செய்த வேலையை நாங்களே மூடிவிட்டு வரும் தொழில் எங்களுடையது: ஒஸ்லோ வீடுகளின் குளியலறைகளில், டைலுக்கு அடியில் சூடேற்றும் மின்கம்பி பதிப்பது. உங்கள் வேலையும் கண்ணில் படாத வேலை என்றால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

கதவுக்கு ஒரு கட்டை

ஒஸ்லோவின் ஹவுகெட்டோ பகுதியில் ஒரு வீடு. வீட்டுக்காரர் சென்னையிலிருந்து வந்த மென்பொருள் பொறியாளர். கம்பி எங்கெங்கே வளைந்து ஓடுகிறது என்று, டைல் ஒட்டும் முன்பே படம் எடுத்து அனுப்பியிருந்தேன். தரை முழுவதற்கும் ஒரே கம்பிதான். ஓரிடத்தில் அறுந்தால் தரை முழுவதும் குளிர்ந்துவிடும். இரண்டு மாதத்தில் தரை சில்லென்று கிடக்கிறது என்று அழைத்தார். போய்ப் பார்த்தால், கதவு சுவரில் இடிக்காமலிருக்கத் தரையில் துளை போட்டு ஒரு கட்டையைத் திருகியிருக்கிறார். துளை நேரே கம்பியின் மேல். படம் அனுப்பினேனே என்றேன்.

"அனுப்பினீங்க சார், நானும் லைக் போட்டேன். ஓட்டை போடுறப்போ அதைப் பார்க்கணும்னு யார் சொன்னா?"

மரத்த கால்

அவரை நினைத்துச் சிரித்த எனக்கும் அப்படி மாட்டிக்கொள்ளும் முறை வந்தது, நகரின் இன்னொரு பகுதியான குரோருட்டில். யோகம் அக்கா அங்கே அடுக்குமாடி வீட்டில் தனியாக இருப்பவர். நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி இல்லை. ஈரத் தரையில் வழுக்கி ஏற்கெனவே இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. இன்னொரு தடவை விழுந்தால் தனியே இருக்க விடமாட்டோம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். சூடான தரை சீக்கிரம் காயும், அதற்காகத்தான் கம்பி. மரத்த கால் சூட்டில் பொசுங்கினாலும் தெரியாது என்பதால், வெப்பத்துக்கு ஒரு வரம்பு வைப்பதாகச் சொன்னேன்.

"வையும் தம்பி. எனக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. உது வேலை செய்யுதோ எண்டு நீர்தான் சொல்லோணும்."

வெறும் கட்டம்

கம்பி எங்கும் அறவில்லை என்று உறுதிசெய்ய அதன் மின்தடையை மூன்று முறை அளந்து படிவத்தில் எழுதவேண்டும்: பதிக்கும் முன், பதித்த பின், டைல் ஒட்டிய பின். நான் பதித்து முடித்த நேரம் அக்கா தேநீருக்குக் கூப்பிட்டார். வந்து அளக்கலாம் என்று போனேன். நான் இரண்டாவது வடையில் இருந்தபோது, என்னோடு வேலை செய்யும் சிறி பாதித் தரைக்கு டைல் ஒட்டியிருந்தான். பரவாயில்லை என்று விட்டேன்.

டைல் காய்ந்த பின் மின்தடை அளக்கும் மீற்றரை வைத்தேன். கம்பி அறுந்திருந்தது. அறுத்தது பதிக்கும்போது மிதித்த என் சப்பாத்தா, டைல் ஒட்டிய சிறியின் பூச்சுக் கரண்டியா? அதைச் சொல்லியிருக்க வேண்டிய படிவத்தின் இரண்டாவது கட்டம் வெறுமையாக இருந்தது. சிறி குரலைத் தாழ்த்தினான்.

"அவவுக்குத்தான் சூடே தெரியாதே அண்ணை. ஆர் கண்டுபிடிக்கப் போகினம்?"

வாசலில் நாற்காலி

கம்பி அறுந்ததை அக்காவிடம் சொன்னேன். டைல்களை உடைத்தோம். பத்து நாள் அவர் கீழ்மாடி வீட்டில் குளித்தார். இரண்டாம் தடவை கம்பி பதித்தபோது குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சமையலறையிலிருந்து வடை மணம் வந்தது. பதித்து முடித்த நான் மெல்ல எழுந்தேன்.

"எங்கை போறீர்? முதல் அளந்து எழுதும், நான் பார்க்கோணும். பிறகுதான் தேத்தண்ணி."

நான் சூடேற்றிய தரைகளில், "தரை உடனே காயுது, நல்லா வேலை செய்யுது" என்று தானாக அழைத்துச் சொன்ன ஒரே வீட்டுக்காரர், அந்தச் சூட்டை உணரவே முடியாதவர்.