அண்டாவில் சேராத கூழ்

எங்கள் தெருவில் எந்த வீட்டில் இட்லி வெந்தாலும் அது லோகநாயகி அக்கா அரைத்த மாவு. கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால், சாக்கடை திரும்புகிற மூலையில் அவருடைய வீடு. முன்னறையில் இரண்டு கிரைண்டர்கள், ஒரு மாவு மிஷின், ஒரு பழைய ஃபிரிட்ஜ். உளுந்து வாசனை அவர் புடவையிலேயே ஊறிப் போயிருக்கும். எல்லோருக்கும் அவர் மாவுக்கடை அக்கா. எங்கள் அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவார், நானும் அப்படித்தான்.

சிதம்பரத்தில் பிறந்தவர். பரங்கிப்பேட்டை ராஜவேலைக் கட்டிக்கொண்டார். அவர் இங்கே பஞ்சர் கடை போட்டதால் இந்தத் தெருவுக்கு வாடகைக்கு வந்தார்கள். நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டார்கள். அவர்களுடைய மகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, கல்யாணமாகித் திருப்பூருக்கும் போய்விட்டாள். இருந்தாலும் அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவுங்களா? அவுங்க வந்தவங்க" என்பார்கள். ஏதோ நேற்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய மாதிரி.

இதை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கூழ்.

ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருமுனை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி எடுத்து வந்து, கோயில் வாசலில் இருக்கிற பெரிய அண்டாவில் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது அந்த வீட்டுக்காரர் பெயரை மைக்கில் சொல்வார்கள். "வைத்திலிங்கம் வூட்டுக் கூழ்!" என்றதும் பம்பைக்காரர் ஒரு தட்டு தட்டுவார். எல்லாக் கூழையும் ஒன்றாகக் கலந்து அம்மனுக்குப் படைத்துவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வாங்கிக் குடிக்கலாம். அண்டாவில் ஊற்றக் கூடாது. மைக் பிடிப்பவர் என் பெரியப்பா சடையப்பன். அதனால் இந்தச் சட்டம் எங்கள் வீட்டுச் சட்டம் மாதிரிதான்.

அக்காவுக்கு அந்த ஒரு குரல் வேண்டும். அம்மன் முன்னால் தன் வீட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும். வேறு எதையும் அவர் இந்தத் தெருவிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆடி பிறந்தால் தெருவே அவருடைய மிஷினில்தான் கேழ்வரகு அரைத்துக்கொண்டு போகும். எல்லோருக்கும் அரைத்துக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கையில் டம்ளரோடு அவர் வரிசையில் நிற்பார்.

ஒருமுறை பெரியப்பாவிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். "சொந்த வூடு இருக்கறவங்க மட்டும்தாம்மா. நான் வச்ச சட்டமா இது? எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான்" என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். அக்கா அதை அப்படியே நம்பினார். சீட்டுப் போட்டு, நகையை விற்று, போன தை மாசம் தான் குடியிருந்த வீட்டையே வாங்கிவிட்டார்.

வாங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தென்பெண்ணைத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தது. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. கக்கூஸ் தொட்டிகள் நிரம்பி வழிந்து, எல்லா வீட்டு அழுக்கும் ஒரே தண்ணீராக எல்லா வீட்டுக்குள்ளும் போனது. தெருவில் மாடி இருந்த சில வீடுகளில் அக்காவின் வாடகை வீடும் ஒன்று. நாங்கள் எல்லோரும் அங்கேதான் ஏறினோம். அக்கா சிலிண்டரை மாடிக்கு ஏற்றி, அண்டா அண்டாவாக உப்புமா கிண்டினார். பெரியப்பா இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டு, "லோகு, இது எங்க வூடு மாதிரியே இருக்கு" என்றார். அப்போது அவர் கால் முட்டி வரைக்கும் சாக்கடை காய்ந்து ஒட்டியிருந்தது. எந்த ஊர் உப்புமா என்று அவர் கேட்கவில்லை.

வீடு வாங்கிய பிறகு வந்த முதல் ஆடியில், அக்கா தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரியப்பாவும் நாங்களும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, இந்த வருஷம் நாங்களும் ஊத்தறோம். அவரு பேரைச் சேத்துக்கங்க."

"வூடு வாங்கிட்ட. சந்தோசம்மா. ஆனா அண்டாவுல ஊத்தறது தலைமுறையா இருக்கறவங்க."

"சொந்த வூடு இருந்தா போதும்னு சொன்னீங்களே மாமா?"

"சொன்னேன். இல்லைங்கல. சொந்த வூடு வேற, சொந்த ஊரு வேற."

என் பெரியம்மா ஜெயராணி ஒரு படி மேலே போனார். "உனக்குத்தான் சிதம்பரம் இருக்கே லோகு. அங்க போய் ஊத்தேன். யாரு வேணாம்னா?"

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கு முன்பே வெற்றிலையை மட்டும் பெரியப்பா எடுத்துக்கொண்டுவிட்டார்.

அக்கா வீட்டார் என்ன சாதி என்று, வந்த புதிதிலேயே தெருவில் விசாரித்து முடித்துவிட்டார்கள். எங்கள் சாதிதான். அதைக் காரணமாகச் சொல்ல முடியாததால் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். வேறு சாதியாக இருந்திருந்தால் அக்கா அந்தத் தட்டோடு எங்கள் வாசற்படி ஏறியிருக்கவே முடியாது. அதுவும் எனக்குத் தெரியும். அதை எழுதினால் இதைவிட அசிங்கமாக இருக்கும்.

அடுத்த வாரம் நான் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் விசாரிக்கச் சிதம்பரம் போக வேண்டியிருந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதை எங்கள் வீட்டில் ஒரு வியாதி மாதிரி பார்க்கிறார்கள். அக்காவும் என்னோடு பஸ் ஏறினார். "தம்பி வூட்டுக்குப் போறேன் கனி. பொறந்த தெருவுலயாவது ஒரு குடம் ஊத்திட்டு வரலாம்னு" என்றார்.

மேலவீதிக்குப் பின்னால் அவருடைய தம்பி அன்பரசு வீடு. அக்கா பிறந்த வீடும் அதுதான். எங்களை உட்காரச் சொன்னார், டீ வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அன்பரசு மாமா தலையைச் சொறிந்தார்.

"அக்கா, நீ கடலூர்க்காரி ஆயிட்ட. கட்டிக் குடுத்த பொண்ணு இங்க வந்து கூழ் ஊத்துனா நல்லாவா இருக்கும்?"

"நான் பொறந்த தெருடா இது."

"பொறந்த, போயிட்ட. இப்ப வந்து ஊத்துனா தெருவுல என்ன பேசுவாங்க? லோகநாயகி வூட்டுல பங்கு கேக்க அடி போடறாம்பாங்க."

"நீ என்ன நெனைக்கிற?"

அவர் டீ டம்ளரை அக்கா பக்கம் நகர்த்தி வைத்தார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரிந்தது. அக்கா டீயைக் குடிக்காமலேயே எழுந்தார். நான் என் டீயை ஏற்கெனவே குடித்து முடித்திருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா சும்மா இருக்காமல், "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டார். அக்கா புதுச்சத்திரம் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்தம்மா அக்காவைக் காது கேட்காதவர் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் சைகை காட்டினார். அப்போது மட்டும் அக்கா சிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்கா தன் வாசலில் செங்கல் அடுப்பு வைத்துப் பெரிய குண்டானில் கூழ் காய்ச்சினார். "காய்ச்சக் கூடாதுன்னு சட்டம் இல்லையே" என்றார். ராஜவேல் மாமா, "உனக்கு வேற வேல இல்லியா?" என்று திட்டிக்கொண்டே விறகு பிளந்து போட்டார். அரிசி நொய் போட்டு, கெட்டியாக, கரண்டி நிற்கிற பதத்தில் கூழ் வந்தது. முருங்கைக்கீரை வதக்கி, கருவாட்டுக் குழம்பும் வைத்தார்.

கோயிலில் எங்கள் தெருவின் சாதனை நடந்துகொண்டிருந்தது. வரிசையாகப் பித்தளைக் குடங்கள் வந்தன. மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, பார்க்க அழகு. உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கூழ். எப்படியும் மற்றவர்கள் நிறைய ஊற்றுவார்கள், நம் பெயர் மைக்கில் வந்தால் போதும் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் குடத்தில் பெரியம்மா பைப்புத் தண்ணீரைப் பிடித்துக் கலந்ததை நானே பார்த்தேன். கேட்டதற்கு, "அண்டாவுல போனா யாருக்குடி தெரியும்?" என்றார். ஒவ்வொரு பெயராகக் கூவிக் கூவிப் பெரியப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அண்டா பாதிகூட நிரம்பவில்லை. உள்ளே இருந்ததும் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

அதைப் படைத்துவிட்டு ஊற்ற ஆரம்பித்தார்கள். ஆட்டோக்காரர்கள், காய்கறிக்காரர்கள், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் என்று வரிசை மைதானம் வரைக்கும் நின்றது. கொஞ்ச நேரத்திலேயே கரண்டி அண்டாவின் அடியில் உரசும் சத்தம் கேட்டது. வரிசையில் நின்ற ஒரு ஆட்டோக்காரர், "என்னா தலைவரே, கூழா ரசமா?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

பெரியப்பா மைக்கோடு அக்கா வாசலுக்கு வந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"லோகு, அந்தக் குண்டானைக் கொண்டாம்மா. சேத்துக்கலாம்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பேரு சொல்லுவீங்களா?"

"கொண்டா, கொண்டா. பாத்துக்கலாம்."

அக்கா ஒரு காதையும் ராஜவேல் மாமா இன்னொரு காதையும் துணி வைத்துப் பிடித்துக் குண்டானைத் தூக்கி வந்தார்கள். அண்டாவுக்குப் பக்கத்தில் வந்ததும் அக்கா நின்றுவிட்டார்.

"ஊத்தும்மா, நேரமாவுது."

"பேரைச் சொல்லுங்க மாமா."

"அட, எல்லாம் அம்மனுக்குத் தெரியும்மா."

"அம்மனுக்குத் தெரியும். உங்க வாய்க்குத் தெரியலியே."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெரியப்பா சுற்றிலும் பார்த்தார். பிறகு அவர் செய்ததை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். மைக்கின் தலையை இடது உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, குனிந்து, எச்சில் துப்புகிற மாதிரி, "ராஜவேல் வூட்டுக் கூழ்" என்று முணுமுணுத்தார். பம்பைக்காரருக்கே கேட்கவில்லை. அவர் குச்சியைத் தூக்கியபடி நின்றார்.

அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கும் என்று நினைத்தேன், கலங்கவில்லை. சிதம்பரத்தில் டீயை வைத்துவிட்டு எழுந்தபோது இருந்த அதே முகம்.

"என்னாடி, கை சுடுது" என்றார் ராஜவேல் மாமா.

"திருப்புங்க. நம்ம வாசலுக்கே போவலாம்."

இரண்டு பேரும் குண்டானோடு திரும்பி நடந்தார்கள். கருவாட்டுக் குழம்பு வாசனை அந்தப் பக்கமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. முதலில் அந்த ஆட்டோக்காரர் வரிசையை விட்டு விலகி அவர்கள் பின்னால் போனார். பிறகு பிள்ளைகள் ஓடினார்கள். பிறகு மொத்த வரிசையும் போனது. அக்கா வாசலில் நின்று ஊற்றிக்கொண்டே இருந்தார். யாரிடமும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. அண்டாவில் முகம் பார்க்கிற மாதிரி என் பெரியப்பா தனியாக நின்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் மைக்கில் அவர் குரல் வந்தது. "பக்தகோடிகளே, இந்த வருஷம் கூட்டம் ஜாஸ்திங்கறதால நம்ம தெரு சார்பா ரெண்டு எடத்துல கூழ் ஊத்தறோம்!" குடத்தில் தண்ணீர் கலந்த பெரியம்மாவும் ஒரு சொம்போடு அக்கா வாசலுக்குப் போய், வரிசையில் நிற்காமல், கெட்டிக் கூழாகப் பார்த்து வாங்கி வந்தார்.

மறுநாள் காலை மாவு வாங்கப் பெரியம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே எதிர் வீட்டில் வாடகைக்கு இருக்கிற எழிலரசி நின்றுகொண்டிருந்தாள். ஸ்ரீமுஷ்ணத்துப் பெண், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

பெரியம்மா குழைந்தார். "லோகு, கூழு அருமை. அடுத்த வருஷம் அவருகிட்ட நான் ஒரு வார்த்த சொல்றேன். பேரச் சேத்துடலாம்."

"வேணாங்க்கா. அடுத்த வருஷமும் எங்க வாசல்லதான்." அக்கா மாவை மொண்டுகொண்டே கேட்டார், "ஆமா, உங்களுக்கு நெல்லிக்குப்பம்தான சொந்த ஊரு?"

பெரியம்மா முந்தானையில் முடிந்த காசைத் தேட ஆரம்பித்தார். எழிலரசி தயங்கித் தயங்கி, "அக்கா, அப்ப நானும் ஒரு குடம் கொண்டாரலாமா?" என்றாள்.

"கொண்டா. யாரு பேரச் சொல்லணும்? உன் பேரா, உன் வூட்டுக்காரரு பேரா?"

"என் பேரே சொல்லுங்கக்கா" என்று அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

பெரியம்மா என் கையில் மாவுத் தூக்கைத் திணித்துவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். வீட்டுக்குப் போய் இட்லி ஊற்றும்போதே கடையில் நடந்ததைப் பெரியப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னார்.

பெரியப்பா இட்லியைச் சாம்பாரில் பிசைந்து வாய் நிறைய வைத்துக்கொண்டார். "வந்தவளுக்கு வாய் ஜாஸ்தியாப் போச்சு" என்றார். சொல்லும்போது வாயிலிருந்து இட்லித் துணுக்கு தெறித்தது. அது லோகநாயகி அக்கா அரைத்த மாவு. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவரோ, "இன்னும் ரெண்டு வைடி" என்று பெரியம்மாவிடம் தட்டை நீட்டினார்.