முட்டிக்கு ஒரு புளியங்கொட்டை

பர்மாவில், அலோனில், எங்கள் தெருவுக்கும் துறைமுகத்தை ஒட்டிய கிடங்குத் தெருவுக்கும் நடுவே ஒரு மாரியம்மன் கோவிலும் ஒரு பழைய பகையும் இருந்தன. கோவில் இரண்டு தெருவுக்கும் பொது. பகை, பந்தாட்டத்தால் வந்தது. நான் பிறப்பதற்கு முன் ஏதோ ஒரு மழைக்காலப் போட்டியில் யாரோ யாருடைய மண்டையையோ உடைத்துவிட, பெரியவர்கள் கூடி ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். ஒவ்வொரு மழைக்காலத் தொடக்கத்திலும் எங்கள் அணியிலிருந்து ஓர் ஆள் அங்கே போக வேண்டும். அங்கிருந்து ஓர் ஆள் இங்கே வர வேண்டும். நம்முடைய ஆள் ஒருவன் எதிரில் நின்றால் கல்லெடுக்கக் கை வராது என்பது அவர்கள் எண்ணம். இதற்கு ஆள் மாற்று என்று பெயர். போனவர் பழைய அணிக்குத் திரும்பி வருவதில்லை. ஆட்ட நாளில் அவருக்குச் சோறுகூட அந்தத் தெருவில்தான்.

நல்ல எண்ணத்தில் தொடங்கியது, போகப் போக மாட்டுச்சந்தையாகிவிட்டது. தேய்ந்த காலைத் தள்ளிவிட்டு ஓடுகிற காலை வாங்கத்தான் இரண்டு தெருவும் பார்த்தன.

எனக்குப் பதினோரு வயதானபோது அப்பாதான் எங்கள் அணிக்குத் தலைவர். அம்மாவின் தம்பி, எங்களோடேயே இருந்த என் மாமா, கோலுக்கு முன்னால் நிற்கிற பேக். பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்குவார். சாயங்காலம் லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நிற்பார். அவரைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். பர்மியப் பையன்கள்கூட அவரைக் கோஜீ, அதாவது பெரியண்ணன், என்றுதான் கூப்பிட்டார்கள். வயது முப்பத்தாறு. வலது முட்டி மட்டும் மழை வந்தால் வீங்கும்.

அந்த வருஷம் கிடங்குத் தெருவில் நல்ல பேக் இல்லை. மாமாவைக் கொடுங்கள், பதினாறு வயசுப் பையன் ஒருவனைத் தருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். அந்தப் பையன் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். பந்து பாதி நேரம் அவன் பேச்சைக் கேட்காது. ஆனால் அவனை யாராலும் பிடிக்க முடியாது. மூன்று மழைக்காலமாக அவர்களிடம் தோற்றுக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் லபெயேக் கடையில் மூன்று நாள் டீ குடித்துக் குடித்துப் பேசினார்கள். அப்பாவுக்கு மனசு வரவில்லை. பெண்டாட்டியின் தம்பியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு வீட்டில் சாப்பிடுவது? கடைசியில் சலித்துப்போய், “நீதான் பள்ளிக்கூடத்துல கணக்குல மொதலாச்சே, போட்டுப் பாரும்மா,” என்று என்னிடம் சொன்னார். விளையாட்டாகச் சொன்னது. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

புளியங்கொட்டைகளை எடுத்துக்கொண்டு பின்கட்டுப் படியில் உட்கார்ந்தேன். இன்றைய திறமைக்குப் பத்துக் கொட்டை வரை போடலாம். இனி ஆடப்போகிற ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரு கொட்டை. மாமாவுக்குத் திறமை பத்து, மிச்சமிருப்பது இரண்டு வருஷம். பையனுக்குத் திறமை இரண்டு, மிச்சம் பத்து வருஷம். இரண்டு பக்கமும் பன்னிரண்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது மாமா முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொள்ள அங்கே வந்து உட்கார்ந்தார். ஆட்டத்தைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. ஆனால் விஷயத்தைச் சொல்ல முடியாதே. நான் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன். கியாக்தானில் ஒரு டீம் இருப்பதாகவும், அங்கே ஒரு பழைய ஆட்டக்காரருக்கும் ஒரு புதுப் பையனுக்கும் இப்படி ஒரு சிக்கல் என்றும் சொன்னேன். மாமா கொட்டைகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

“அந்தக் கியாக்தான்காரருக்கு முட்டி எப்பிடி?”

“வலது முட்டி கொஞ்சம் வலிக்குமாம்.”

“பாவம். அப்ப அதுக்கு ஒண்ணு கழிக்கணுமே, விட்டுட்டியே,” என்று சொல்லி, பழைய ஆட்டக்காரரின் குவியலிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துப் பையனின் குவியலில் போட்டார். “குடுத்துடச் சொல்லு. அவரு கோவிச்சுக்க மாட்டாரு.”

பதினொன்று, பதிமூன்று. நான் ஒரே ஓட்டமாகக் கடைக்குப் போய் மேசைமேல் கொட்டைகளைப் பரப்பிக் காட்டினேன். மாமா கை வைத்ததைச் சொல்லவில்லை. பெருமை முழுவதும் எனக்கே வேண்டியிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஆனாலும், என் கணக்கைச் சாக்காக வைத்து அன்றே முடிவு செய்துவிட்டார்கள்.

பொழுது சாய்ந்த பிறகு அப்பா வந்து, வாசல் நிலையைப் பிடித்தபடி தயங்கித் தயங்கிச் சொன்னார். மாமா புதிதாகக் கேட்பவர்போலக் கேட்டுவிட்டு, “ஹௌதே, சரிதான் மச்சான்,” என்றார். அம்மாதான் பொரிந்து தள்ளினாள். “கூடப் பொறந்தவனக் கொட்டைய வெச்சா நிறுத்துப் பாத்தீங்க?” ஒரு வாரம் அவள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பையன் முதல் மூன்று ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டான். தெருவே என் தலையைத் தடவிக் கொடுத்தது. மழை முடிவதற்குள் அவன் வீட்டார் லைங் தாயாவுக்குக் குடிபோனார்கள். அவனுக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை. விடிந்தும் விடியாமல் கம்பெனி பஸ். அப்புறம் அவன் பந்தைத் தொட்டதாகத் தெரியவில்லை. நான் பத்துக் கொட்டை போட்ட வருஷங்கள் பத்து வாரம்கூட வரவில்லை. நான் இரண்டு போட்ட மாமா, கிடங்குத் தெருவுக்கு ஒன்பது மழைக்காலம் ஆடினார். வீங்கிய முட்டியோடு, எங்களுக்கு எதிரே. அந்த ஒன்பது வருஷமும் ஒருவரும் கல்லெடுக்கவில்லை. ஆட்ட நாளில் அப்பா மைதானத்தில் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். குற்றம் தன்னுடையது என்று கடைசிவரை நினைத்தே போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு கொட்டையைப் பற்றி அவரிடம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது நானும் லைங் தாயாவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் இருக்கிறேன். ஆள் குறைக்கும்போதெல்லாம் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பெயருக்கு எதிரே மதிப்பெண் போடுவது என் வேலை. வயது என்ற கட்டத்துக்கு வரும்போது கை நின்றுவிடுகிறது.

அந்த நாளில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கடையிலிருந்து நான் துள்ளிக்கொண்டு திரும்பி வந்தபோது அப்பா இன்னும் வந்திருக்கவில்லை. மாமா அதே படியில் உட்கார்ந்து, தன் ஆட்டச் சட்டையிலிருந்து நான்காம் எண்ணைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தார். சட்டை ஆட்டக்காரருடையது, எண் அணிக்குச் சொந்தம். போகிறவர் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். சேதி அதற்குள் யார் மூலமாகவோ வந்துவிட்டது போலிருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

“இந்தப் பக்கம் இறுக்கிப் புடி பொண்ணு,” என்றார். “நம்பரு கிழிஞ்சுடப் போவுது. வர்ற பையனுக்கு நல்லா இருக்கணும்.”

நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பையன் இந்த மழைக்கு எத்தனை கோல் போடுவான் என்று மாமாவிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.