ஜூடோச் சட்டையின் தையல்

ஜூடோவின் வரலாற்றை என்னிடம் கேளுங்கள். அதைத் துவைத்தவள் நான்.

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் எங்கள் ரப்பர்த் தோட்டத்துக்கு ஒரு ஜப்பான் சார்ஜன்ட் வந்து சேர்ந்தான். நாங்கள் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு மரவள்ளிக்குக் கொத்திக்கொண்டிருந்தோம். அவனுக்கு மட்டும் கெட்டித் துணியில் இரண்டு ஜூடோச் சட்டைகள். ஒன்றை அவன் போட்டுக்கொள்வான், மற்றதை என் வீட்டுக்காரருக்கு மாட்டிவிடுவான். காலைப் பெரட்டில் ஆள்களை எண்ணி முடித்ததும் எல்லோர் முன்னாலும் அவரைத் தூக்கி எறிவான். அதுதான் அவனுக்குப் பயிற்சி. சட்டை துவைப்பது என் தலையில்.

ஒரு நாள் குஷி வந்து பிரசங்கமே செய்தான். மலாய் மொழியில் அவன் சொன்னதை, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தமிழில் சொன்னார். பழங்காலப் போர்வீரர்களின் கட்டிப்பிடிச் சண்டையாம் அது. ஆளைக் கொல்லும் பிடிகளை ஒரு வாத்தியார் கழித்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகளும் பழகும்படி மாற்றினாராம். அடிபடாமல் விழுவதுதான் முதல் பாடமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி, அந்த முதல் பாடத்தை என் புருஷனுக்கு எவன் சொல்லிக்கொடுத்தான்?

அன்றைக்கே அவருக்கு வலது தோள் வீங்கியிருந்தது. "இன்னொரு வாட்டி தூக்கிப் போட்டான்னா இந்தக் கை அவ்ளோதான் புள்ள," என்றார். கொத்த முடியாதவன் பெயர்தான் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு முதலில் போகும். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து போனவர் யாரும் திரும்பவில்லை.

துவைக்கும்போது பார்த்திருக்கிறேன். இழுபட்டு நைந்திருப்பது கழுத்துப் பட்டியும் சட்டைக் கையும்தான். அங்கேதான் இரட்டைத் தையல். அது தாங்கினால்தான் அவன் வித்தை. ஊசியை எடுத்தேன். வீட்டுக்காரருக்கு மாட்டும் சட்டையில், கை தோளில் சேரும் இடத்தில் ஒன்று விட்டு ஒன்றாகத் தையலைப் பிரித்துவிட்டேன்.

மறுநாள் அவன் சட்டைக் கையைப் பற்றி, திரும்பி, அவரை முதுகில் ஏற்ற இழுத்தான். டர்ரென்று அது கழன்று அவனோடு போனது. பெரட்டு மொத்தமும் பார்க்க மண்ணில் குப்புற விழுந்தான்.

எழுந்து, யார் துவைத்தது என்று கத்தினான். வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் முன்னே போனேன்.

"நாந்தான் தொவச்சேன், நாந்தான் பிரிச்சேன். ஒரு வார்த்த விடாம சொல்லுங்க கிராணி ஐயா!"

அவன் விட்ட அறையில் இடது காதில் ரத்தம் வந்தது. தைத்துக் கொடு என்றான். "நூலுக்கு எங்க போறது?" என்றேன். சிரம்பான் டவுன் கடைகளிலேயே நூல் இல்லாத காலம். தன் சட்டையைக் கொடுக்க மனமில்லாமல், வீட்டுக்காரரின் வெற்றுடம்பைப் பிடித்து ஒரு முறை முயன்றான். வியர்வையில் கை வழுக்கியது, விட்டுவிட்டான்.

வீட்டுக்காரர் சயாமுக்குப் போகவில்லை. அந்தக் காது எனக்கு இன்றுவரை கேட்காது. போகட்டும். அவரோடு நாற்பது வருஷம் சண்டை போட ஒரு காது போதுமாக இருந்தது.