சிலுவைக்கு மேலே இருந்த வரி

போன வருடம் ஜூன் மாதம், சோழவந்தான் போகிற வழியில் வயலோரமாக இருக்கும் எங்கள் அந்தோணியார் சிற்றாலயத்தில் நடந்தது இது. நான் மதுரையில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லித்தருகிறேன். ஆதிக் கிறிஸ்தவர்கள் புனிதர்களுக்கு வணக்கம் செலுத்தினார்கள் என்பதற்கு ஆதாரமாக, ரோமாபுரியில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் கல்லறைச் சுவர்களில் சாதாரண ஜனங்கள் கீறி வைத்த வேண்டுதல்களைத்தான் முதலில் காட்டுவேன். அரசன் வெட்டிய கல்வெட்டைவிட இந்தக் கிறுக்கல் பெரிது என்று மேசையைத் தட்டிச் சொல்வேன். வகுப்பில் பேசுவதற்கென்ன!

எங்கள் சிற்றாலயத்துச் சுண்ணாம்புச் சுவரிலும் கிறுக்கல்கள் இருந்தன. ஆணியால் வேண்டுதலைக் கீறுவார்கள். நிறைவேறினால் வந்து அதன் கீழே சின்னதாக ஒரு சிலுவை போடுவார்கள். திருவிழா வேலைக்குப் பொறுப்பேற்ற எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, சந்தன நிறத்தில் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். “எல்லாம் வேண்டுதலுங்க டீச்சர், அழிக்கலாமா?” என்று பெயின்டர் தயங்கினார். “வேலையைப் பாருங்கண்ணே” என்றேன்.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் காலையில், நெற்றியில் திருநீறோடு ஒரு பெண் வந்தார். புனிதரின் சுரூபத்துக்கு வலது பக்கம் போய், சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“எனக்கு ஆபரேசன்னப்ப எங்க வீட்டுக்காரரு இங்கன வந்து அந்தோணியாருக்கு வலது பக்கமா எழுதிட்டுப் போனாருக்கா. பொழச்சு வந்தா நீயே போயி சிலுவை போடணும்னாரு. நான் எந்திரிச்சு நடமாடுறதுக்குள்ள மாரடைப்புல அவரு போயிட்டாரு. என்ன எழுதுனாருன்னு சொல்லவே இல்ல.”

நான்தான் அழிக்கச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். வீட்டுச் சாவியை எடுத்து அவர் காட்டிய இடத்தைச் சுரண்டினேன். பெயின்ட் உதிர்ந்தது, பட்டி உதிர்ந்தது, அடியில் வழுவழுவென்று வெறும் சுவர். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“அந்தோணியாரு படிச்சிருப்பாருல்லக்கா. நான்தான் ஒருவாட்டி பாக்கணும்னு வந்தேன்” என்றார். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு ஆணியை எடுத்தார். “சிலுவையாச்சும் போட்டுக்கிறட்டுமா?”

என்னிடம் அனுமதி கேட்கிறார்! தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கீறி முடிக்கும்வரை அழுகையை அடக்க முடியவில்லை.

அந்த இடத்தில் மறுபடி பெயின்ட் அடிக்க நான் விடவில்லை. திருவிழாக் கமிட்டிக்கு அதில் வருத்தம்தான். இப்போதும் வகுப்பில் ரோமாபுரிச் சுவரைப் பற்றிச் சொல்கிறேன், மேசையைத் தட்டுவதில்லை. பிற்காலத்தில் யாராவது ஆதாரம் தேடி வந்து, இந்த ஒற்றைச் சிலுவைக்கு மேலே ஏன் ஒன்றுமே இல்லை என்று கேட்டால், அங்கே ஒருவர் தன் மனைவிக்காக எழுதியிருந்தார் என்று சொல்ல, அதை அழித்த நான்தான் சாட்சி.