குட்டைக் கோழிக்குக் கட்டிய நூல்

பேண்டம் என்னும் குட்டை ரகக் கோழிக்குஞ்சுகளை வாங்கி வந்ததிலிருந்து தையல்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு பொத்தானுக்குக் காஜா எடுத்து முடிப்பதற்குள் எழுந்துபோய் அட்டைப்பெட்டியை எட்டிப் பார்ப்பார். குஞ்சுகள் சூட்டுக்காகத் தொங்கவிட்ட பல்புக்கடியில் ஒண்டியிருந்தால் குளிர் என்று பல்பை இறக்குவார். மூலைக்கு ஒதுங்கினால் சூடு என்று ஏற்றுவார். எல்லாம் அச்சில் வார்த்தது போல இருந்ததால், எது தின்றது, எது தின்னவில்லை என்றே தெரியவில்லை. அதனால் ஒவ்வொன்றின் காலிலும் ஒரு நிற நூலை இறுக்கி முடிந்துவிட்டார்.

சில வாரங்களில் சிவப்பு நூல் குஞ்சு நொண்டியது. பல்பை ஏற்றினார், இறக்கினார், தண்ணீரை மாற்றினார், தீனி விற்றவனைத் திட்டித் தீர்த்தார். மனைவிதான் குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நூல் தோலில் பதிந்து கால் வீங்கியிருந்தது.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் வளர்ற பிள்ளைன்னு உள்ளே துணி விட்டுத் தைக்கிறீங்க. இதுக்கு மட்டும் இப்படியா இறுக்குவீங்க?"

"குட்டை ரகம்னுதானே சொன்னான். வளராதுன்னு நினைச்சிட்டேன்."

"அப்போ இத்தனை நாளா எதுக்குங்க தீனி போட்டீங்க?"

அவள் கத்திரியை எடுத்து அந்த நூலையும் மற்றக் குஞ்சுகளின் நூல்களையும் வெட்டினாள். வீங்கிய கால் குஞ்சு நொண்டிக்கொண்டே ஓடியது. தையல்காரர்தான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.